கேளுங்கள், சொல்கிறேன்: கணினியில் நம் நிலத்தைக் காணோம்!

கேள்வி: அப்பா 1974-ல் வாங்கிய புஞ்சைக்குப் பட்டா பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினோம். பத்திரத்தில் சர்வே எண் 112/2 என்று இருக்கிறது. அதைப் போட்டால் வேறு யாருடைய பெயரோ வருகிறது. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நிலம் கைமாறிப்போய்விட்டதா, ஐயா?
– வாசகி, செய்யாறு

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். 31 வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் சொல்கிறேன், பெரும்பாலும் எண்தான் மாறியிருக்கும், நிலம் மாறியிருக்காது. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்கிற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது பல ஊர்களில் உட்பிரிவுகளை (112/2-ல் அந்த 2 தான் உட்பிரிவு) புதிதாகப் பிரித்து எண் போட்டார்கள். உங்கள் பத்திரம் அதற்கு முந்தியது. அன்றைய 112/2 இன்றைக்கு 112/5 ஆகக்கூட இருக்கலாம்.

அரசின் அதே நிலப்பதிவு இணையதளத்தில் ‘அ’ பதிவேடு என்று ஒரு பகுதி உண்டு; ஊரிலுள்ள நிலங்களின் விவரம் எண் வாரியாக இருக்கும் பதிவேடு அது. அதில் சர்வே எண் கட்டத்தில் 112 மட்டும் போடுங்கள். உட்பிரிவுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஒவ்வோர் உட்பிரிவாகத் திறந்து, ‘பழைய புல உட்பிரிவு எண்’ என்ற இடத்தைப் பாருங்கள். எங்கே உங்கள் பழைய எண் இருக்கிறதோ அதுதான் உங்கள் பழைய நிலம். அது இரண்டு மூன்றாகவும் பிரிந்திருக்கலாம். பட்டா எண்ணும் பெயரும் அங்கேயே இருக்கும். பார்க்கக் காசு கிடையாது. அதிலும் வேறு பெயர் இருந்தால் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள்.

நான் பணியில் இருந்தபோது ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து, மடிப்பு மடிப்பாக நைந்துபோன கிரயப் பத்திரத்தை எடுத்து மேஜையில் விரித்தார். இணைய மையத்தில் யாரோ “உங்க பேர்ல ஒண்ணும் இல்ல” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்களாம். பதிவேட்டைப் புரட்டிப் புது எண்ணைக் காட்டியதும், அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

‘உங்கள் பத்திரம் 1987-க்கு முந்தியதா? அப்படியானால் எண் மாறியிருக்கலாம்’ என்று இணையதளத்தில் சர்வே எண் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால் எத்தனை வீட்டில் பயம் தீரும்! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(4) உள்ளூர் மொழியைக் கணக்கில் எடுத்துத் தகவலைப் பரப்பச் சொல்கிறது. உள்ளூர் மொழி என்றால் தமிழ் எழுத்து மட்டும் போதாது, உங்கள் அம்மாவுக்குப் புரிகிற தமிழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால் ஓ.டி.பி. திருப்பூரில் இருக்கும் தம்பி போனுக்குப் போகிறது. என்ன செய்ய?
– வாசகர், பண்ருட்டி

பதில்: சான்றுகளுக்கு விண்ணப்பிக்க இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்தான் ‘கேன்’. உங்கள் ‘கேன்’ எண்ணைப் பதிந்தபோது தம்பி நம்பரைக் கொடுத்திருப்பீர்கள். இ-சேவை மையத்தில் அதைத் திருத்தி உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். அப்புறம், பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.