அப்பாவின் நினைவு மலர்

கேள்வி: எங்கள் அப்பா 91 வயதில் காலமானார். வாழ்நாள் முழுவதும் குடும்பமே அவருக்கு உலகம். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும். எப்படித் தொடங்குவது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முதலில் திதி வெண்பா, அதாவது இறந்த திதியைச் சொல்லும் செய்யுள். இறந்த நேரத்தில் நின்ற திதியை, உங்கள் வீட்டு வழக்கப்படி வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று பார்த்து ஐயரிடம் உறுதிசெய்யுங்கள். இரண்டிலும் திதி மாறலாம். பிழையானால் ஆண்டுத் திவசமே தவறான நாளில் வரும்.

வாழ்க்கைக் குறிப்பில் ‘அன்பானவர், பண்பானவர்’ என்று அடுக்காதீர்கள். அப்படி எழுதினால் எல்லா மலரும் ஒன்றுபோலவே இருக்கும். விடியவே பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தாரா, சம்பள நாளில் என்ன வாங்கி வந்தார் என்பதை எழுதுங்கள். பேரப்பிள்ளைகள்தான் அதைத் தேடி வாசிப்பார்கள்.

வம்சாவளியில்தான் மனத்தாங்கல் வரும். மருமக்கள், பூட்டப்பிள்ளைகள், முன்பே இறந்தவர்கள் உட்பட எல்லாப் பெயரையும் ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் சரிபார்க்கட்டும்.

பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு போனில் எடுத்தால் வெளிச்சம் அடிக்கும். நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வேண்டும். பஞ்சபுராணம் எனப்படும் ஐந்து திருமுறைப் பாடல்களுக்கும் நன்றி நவிலலுக்கும் இடம் விடுங்கள். 20ஆம் நாளுக்குள் அச்சகத்தில் கொடுத்தால்தான் இரண்டு முறை புரூப் பார்க்கலாம்.