கேட்டில் காலிங் பெல் வைக்க நானே வயர் இழுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வீடு, கேட்டில் பட்டன், கூடத்தில் மணி, வயரிங்கை நானே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதியைச் செய்யலாம். இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஆனால் சாதாரண மணிக்கு 8 அல்லது 12 வோல்ட் போதும், நடுவில் ஒரு சின்ன பெல் டிரான்ஸ்ஃபார்மர்தான் அதைக் குறைத்துத் தருகிறது. அதை டி.பி. போர்டில் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்) மாட்டுவதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் எளிது. டிரான்ஸ்ஃபார்மரின் குறைந்த வோல்ட் பக்கத்தில் இரண்டு முனை; ஒன்றிலிருந்து நேராக மணிக்கு ஒரு வயர், மற்றதிலிருந்து கேட் பட்டனுக்கு, பட்டனின் இன்னொரு முனையிலிருந்து திரும்ப மணிக்கு. அழுத்தினால் சுற்று மூடும், மணி அடிக்கும்.

கடல் காற்றை மட்டும் மறக்காதீர்கள். எங்கள் வீட்டு மணி ஒருநாள் அடிக்காமல் போனது, பட்டனைக் கழற்றிப் பார்த்தால் திருகுக்கு அடியில் செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, மழை புகாத பட்டன் போட்டதும் சரியாகிவிட்டது. கேட் தூரமென்றால் மெல்லிய வயர் வேண்டாம், வழியிலேயே வோல்ட் குறைந்து மணி முனகும். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நேரத்திலும் அடிக்க வேண்டுமென்றால் பேட்டரி வயர்லெஸ் பெல் வாங்கலாம், ஆனால் கெட்டிச் சுவரும் இரும்புக் கேட்டும் சிக்னலைக் குறைக்கும், சுவரில் துளை போடும் முன் பட்டனைக் கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள்.