ஆக்சிஜன் சென்சார் எப்போது ஏமாற்றும்? கேள்வி பதில்

கேள்வி: தீ விபத்துப் புகையில் சிக்கியவரின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஆனாலும் மருத்துவர் உடனே ஆக்சிஜன் கொடுக்கச் சொன்னார். ஏன்?

பதில்: அவர் செய்தது முற்றிலும் சரி. அந்த 98-ஐ நம்பி நிம்மதி அடைவதுதான் ஆபத்து. கருவி ரத்தத்தை ஏறத்தாழ 660, 940 நானோமீட்டர் என்ற இரண்டே அலைநீளங்களில் பார்க்கிறது. 660-இல், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஆக்சிஜன் ஏறியதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒளியை உறிஞ்சுகின்றன. கருவிக்கு வேறுபாடு தெரியாது. ரத்த வாயுப் பரிசோதனையிலும் ஆக்சிஜன் அழுத்தம் இயல்பாகவே வரக்கூடும். அதிலிருந்து கணக்கிட்டுத் தரும் செறிவு சதவீதமும் கைகொடுக்காது. பல அலைநீளங்களில் நேரடியாக அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் வேண்டும். இதை ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் எழுதி ஒட்டினாலும் தகும்.

கேள்வி: மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) இருந்தாலும் அப்படித்தானா?

பதில்: இங்கே வேறு விதம். அது இரண்டு அலைநீளங்களிலும் ஏறக்குறைய சம அளவில் ஒளியை உறிஞ்சும். ஆகவே அதன் அளவு கூடக்கூட எண் 85-ஐ நோக்கி நகரும். ஆக்சிஜனைக் கூட்டியும் எண் அங்கேயே நின்றால் சந்தேகப்படுங்கள். சிகிச்சைக்குத் தரும் மெத்திலீன் நீலம் 660-க்கு அருகில் ஒளியை வெகுவாக உறிஞ்சும் சாயம். மருந்து ஏறியதும் எண் சட்டென்று சரிந்தால், சாயமும் காரணமாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்து நோயாளியைப் பாருங்கள்.

கேள்வி: நோயாளிக்குத் தரும் வாயுவில் ஆக்சிஜனை அளக்கும் செல்லை ஈரப்பதமூட்டிக்குப் பின்னால் வைத்தால் குறைவாகக் காட்டுகிறது. செல் பழுதா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். செல் உணர்வது சதவீதத்தை அல்ல, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கை. 37 டிகிரியில் நீராவியால் நிறைந்த காற்றில் 760 மி.மீ. பாதரச அழுத்தத்தில் 47 நீராவிக்கே போய்விடும். மீதி 713-இல்தான் ஆக்சிஜனுக்குப் பங்கு. உலர்ந்த காற்றில் 20.9 என்று அளவு திருத்திய செல், இங்கே 19.6 காட்டுவது நியாயமே. அதைவிடக் குறைந்தால் செல்லைக் கழற்றி, வாயு நுழையும் சவ்வைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நீர்த்துளி படிந்திருந்தாலே வாயு உள்ளே போகும் பரப்பு சுருங்கிவிடும். செல்லைச் சவ்வு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துவதும் இதற்காகத்தான்.

கேள்வி: பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இந்த செல் தீர்ந்துபோகுமா?

பதில்: போகும். உள்ளே இருக்கும் ஈயம், காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து கரைந்துகொண்டே இருக்கும். காரக் கரைசல் உள்ள செல்லாக இருந்தால் கார்பன் டைஆக்சைடு அந்தக் காரத்தைக் கார்பனேட்டாக மாற்றி வலுவைக் குறைக்கும்.

கேள்வி: மயக்க வாயுக்கள் அளவீட்டைக் கெடுக்குமா?

பதில்: சென்சாரின் வகையைப் பொறுத்தது. ஆக்சிஜனை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் கிளார்க் மின்முனையில் ஹாலோதேன் என்ற மயக்க வாயுவும் எதிர்மின்வாயில் எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும். அந்த மின்னோட்டமும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்து எண் கூடிவிடும். சூடாக்கிய பீங்கான் வகைப் பொருளால் அளக்கும் சிர்கோனியா சென்சாரில் இதற்கு நேர்மாறு. சூடான பரப்பில் எரியக்கூடிய ஆவி எரிந்து, அளக்க வேண்டிய ஆக்சிஜனையே தின்றுவிடும், எண் குறையும். எந்த வகை என்று தெரியாமல் எண்ணைத் திருத்த முயல்வது வீண்.

கேள்வி: காந்த விசையால் அளக்கும் சென்சாரை நைட்ரிக் ஆக்சைடு குழப்புமா?

பதில்: ஆக்சிஜனைப் போல அதுவும் காந்தத்தால் ஈர்க்கப்படும் வாயுதான். ஆனால் சிகிச்சையில் வழக்கமாகத் தரும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்பது வெறும் 0.002 சதவீதம். அந்த அளவில் கவலை வேண்டாம்.