சுவர் உரிகிறது, வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹால் 14க்கு 10 அடி. மேற்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே ஒவ்வொரு மழைக்காலத்திலும் பெயிண்ட் உப்பி உரிகிறது. வால்பேப்பரோ பி.வி.சி. பேனலோ போட்டு மறைத்துவிடலாமா? ஹால் பகலிலேயே மங்கலாக இருக்கிறது. என்ன கலர் அடித்தால் வெளிச்சமாகத் தெரியும்? நவராத்திரி கொலுவுக்குள் முடித்துவிட ஆசை.

பதில்: மறைக்கவே வேண்டாம். வினைல் வால்பேப்பரும் சரி, பி.வி.சி. பேனலும் சரி, சுவரின் ஈரத்தை வெளியே விடாது. பின்னால் பூஞ்சை கறுகறுவென்று படரும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஹாலுக்குள் நுழைந்தால் மக்கல் வாடை அடிக்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு சாரல் அடிப்பதால் மேற்கு, தெற்குச் சுவர்கள்தான் அடி வாங்கும். உங்கள் சுவர் ஏப்ரல், மே மாதங்களில் நன்றாகக் காய்ந்து கிடந்தால், வருவது பெரும்பாலும் மழைநீர். கோடையிலும் சொதசொதவென்று இருந்தால் பைப் கசிவைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சுவரை ஒட்டி குளியலறையோ, மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. உரிந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, இரண்டடிச் சதுர அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள், இரண்டுநாள் விட்டுவைங்கள். பிரிக்கும்போது தாளின் உட்புறம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். ஹாலில் துணி காயப்போடுவதை நிறுத்தி, ஃபேன் போட்டு ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகிவிடும்.

ஜன்னலுக்குக் கீழே மட்டும் உரிகிறது என்றால் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசலைப் பாருங்கள். ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டையையும் விடாதீர்கள். அது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பலர் உள்பக்கம் சரிவாகத் துளைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாரல் நேராக வீட்டுக்குள் இறங்கும்.

வெளிச்சுவர் வழியாக வரும் மழைநீர்க் கசிவைச் சரிசெய்வது, மகாராஷ்டிர ஹவுசிங் சொசைட்டிகளின் (அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் சங்கம்) மாதிரித் துணைவிதிகளின்படி சொசைட்டியின் பொறுப்பு. வாடகைக்காரர் போய்க் கேட்டால் காதில் வாங்காமல் இருக்கலாம். அதனால் வீட்டுக்காரருக்குப் போட்டோவோடு எழுதி அனுப்பி, அவரையே புகார் கொடுக்கச் சொல்லுங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்தம் என்று பேச்சு வந்தால் அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

கொலுவுக்குள் பெயிண்ட் வேலை ஆகாது, அதைச் சொல்லிவிடுகிறேன். நவராத்திரி வரும்போது மழை முழுசாக விட்டிருக்காது, சுவரும் காய்ந்திருக்காது. “வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ஒரு கோட் அடிச்சா போதும் மேடம்” என்று பெயிண்டர் சொல்வார். உள்ளே அடித்தால் தண்ணீர் வருவது நிற்காது. அந்தப் பெயிண்டும் உப்பி உரியும். வெளி ரிப்பேர் முடிந்த பிறகு, பூச்சு தெரியும்வரை சுரண்டி, வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். சுவரை அப்படியே திறந்து போட்டுக் காயவிட்டு, டிசம்பர், ஜனவரி வாக்கில் பிரைமர், பட்டி, பெயிண்ட் என்று போங்கள்.

இருட்டுக்குக் கலர் மருந்து இல்லை. வெளிச்சம் குறைந்த அறையில் தூய வெள்ளைகூட சாம்பலாகத்தான் தெரியும். உச்சியில் ஒரே ஒரு ட்யூப்லைட்தானே எரிகிறது? பெட்டியில் 6500 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை, கிரீம் நிறச் சுவரைச் சோகையாகக் காட்டும். 3000 அல்லது 4000 கே வாங்கி, கூடவே சோபா பக்கம் ஒரு ஸ்டாண்ட் விளக்கு வைங்கள். மும்பையின் மின்சாமான் கடைத்தெருவான லோஹார் சாலில் இந்தச் சாமான் கடைக்குக் கடை கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவரோடு போங்கள். கர்ட்டன் ராடை ஜன்னலின் இரு பக்கமும் அரையடி தள்ளி மாட்டினால், துணியை ஒதுக்கும்போது கண்ணாடி முழுசாகத் திறந்து பகல் வெளிச்சம் கூடுதலாக வரும். ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொலு கிழக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றால், படி அந்த மேற்குச் சுவரோரம்தான் வரும். வரட்டும். ஜன்னலுக்கு மேலேயுள்ள கர்ட்டன் ராடிலிருந்து ஒரு பட்டுப் புடவையைத் தொங்கவிட்டு, உரிந்த இடத்தை மறையுங்கள். புடவை சுவரில் படக்கூடாது. கொலுப்படிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். காகிதக்கூழ் பொம்மைகளைப் பின்வரிசையில் வைக்காதீர்கள், ஈரத்தை அவைதான் முதலில் குடிக்கும்.