ராத்திரிப் பாட்டு எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் எடுக்கும் தனியார் எஃப்.எம். ஒன்றில் இரவு ஒன்பது மணிக்கு மேல் 60, 70களின் பாடல்கள் வரும். யார் இசை, யார் எழுதியது என்றெல்லாம் அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்லுவார். போன மாதம் ஒருநாள் ரேடியோவைப் போட்டால் எல்லாம் புதுப் பாட்டு, ஒரே கூச்சல். அந்த அறிவிப்பாளரையும் காணோம். கேட்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்லியிருக்க வேண்டும் அம்மா. ஆனால் இந்தத் தொழிலில் பெரும்பாலும் சொல்வதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் நேயர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பார்கள், விளம்பரம் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள், அறிவிப்பாளர் மைக்கில் மனம் விட்டு ஏதாவது பேசிவிடுவார் என்ற பயம்.

நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 101.1 அலைவரிசையில் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். என்ற நிலையம் 1972 முதல் பழைய பாடல்களுக்கென்றே இருந்தது. 2005 ஜூன் 3, வெள்ளிக்கிழமை மாலை அதை நிறுத்திவிட்டு 'ஜாக்' என்ற புது பாணிக்கு மாற்றினார்கள். அறிவிப்பாளர்களே கிடையாது. எந்த வரிசையும் இல்லாமல் பல காலத்துப் பாடல்கள், நடுநடுவே முன்பே பதிவு செய்த ஒரு குரல், அவ்வளவுதான். 'கசின் புரூசி' என்று ஊரே உறவு சொல்லிக் கூப்பிட்ட அந்த நிலையத்து அறிவிப்பாளர் புரூஸ் மாரோ, கட்டணம் கட்டிக் கேட்கும் செயற்கைக்கோள் வானொலிக்குப் போய்விட்டார்.

நேயர்கள் கொதித்துப் போனார்கள். புது நிலையத்தைக் கேட்கிறவர்களும் குறைந்தார்கள். கடைசியில் 2007 ஜூலை 12 அன்று பழைய பாடல்கள் அதே 101.1-க்குத் திரும்பின. ஆனால் முழுதாக இல்லை. 50களின் பாடல்களை மிகவும் குறைத்து, 70களையும் 80களையும் கூட்டிவிட்டார்கள்.

ஏன் அப்படி? அங்கே விளம்பரம் தருகிறவர்கள் பெரும்பாலும் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். 55 ஆகிவிட்டால், நாள் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாலும் உங்களைக் காட்டிப் பெரிதாக விளம்பரம் வாங்க முடியாது. எனக்கு இதில்தான் ஆத்திரம் வருகிறது. வானொலியோடு அதிக நேரம் இருப்பது யார்? தனியாக இருக்கும் பெரியவர்கள், ராத்திரி தூக்கம் வராதவர்கள், வாட்ச்மேன் வேலை பார்ப்பவர்கள். அவர்களைத்தான் முதலில் கழித்துவிடுகிறார்கள்.

'யூடியூபில்தான் எல்லாப் பாட்டும் இருக்கிறதே' என்று உங்கள் பிள்ளைகள் சொல்லக்கூடும். பாட்டு இருக்கிறது, சரி. பாட்டுக்கு முன்னால் அதைப் பற்றி நம்மிடம் பேசிய ஆள்? நான் ராமநாதபுரம் பக்கம். எங்கள் கடற்கரை ஊர்களில் அந்தக் காலத்தில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். அடுத்து என்ன பாட்டு என்பதைவிட அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்றுதான் காத்திருப்போம்.

கேள்வி: பழைய பாடல்களுக்கென்று தொடங்கிய நிலையம் திடீரென்று பாணியை மாற்றினால் சட்டம் தடுக்காதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அமெரிக்காவில் அதையும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். நியூயார்க்கில் டபிள்யூ.என்.சி.என். என்ற செவ்வியல் இசை நிலையம் 1974-ல் ராக் இசைக்கு மாறியது. நேயர்கள் சங்கம் அமைத்துப் போராடி, அடுத்த ஆண்டே செவ்வியல் இசையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1981-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், எந்த இசை ஒலிக்க வேண்டும் என்பதைச் சந்தைக்கே விட்டுவிடலாம் என்ற, வானொலிகளை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையத்தின் நிலை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் அந்த நிலையம் மறுபடி ராக்குக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் தனியார் எஃப்.எம்.கள் ஏலத்தில் அலைவரிசை எடுக்கின்றன. போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மிச்சம் இருப்பது சினிமாப் பாட்டு. எல்லா நிலையமும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்படியானால் நாம் என்னதான் செய்வது?
– அதே திண்டுக்கல் வாசகி, இரண்டாவது கடிதத்தில்

பதில்: எழுதுங்கள். 2010 மார்ச்சில் பிரிட்டனின் பி.பி.சி., தன் '6 மியூசிக்' வானொலியை மூடப் போவதாகச் சொன்னது. நேயர்கள் கடிதமும் மனுவுமாகக் குவித்தார்கள். புதிதாகக் கேட்பவர்களும் கூடினார்கள். ஜூலையில், அப்போது பி.பி.சி.யை மேற்பார்வை செய்த பி.பி.சி. அறக்கட்டளை அந்தத் திட்டத்தை ஏற்க மறுத்தது. அந்த வானொலி இன்றும் இருக்கிறது. அது மக்கள் கட்டும் கட்டணத்தில் நடப்பது என்பதும் ஒரு காரணம். ஆகாசவாணியும் நம் பணத்தில் நடப்பதுதான். அதில் உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி இருந்தால், அது போன பிறகு வருந்தாமல், இருக்கும்போதே நிலைய இயக்குநருக்கு எழுதுங்கள்.

உங்கள் தனியார் நிலையத்துக்கு எழுதுவதென்றால் நிகழ்ச்சியின் பெயர், நேரம், அறிவிப்பாளர் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள். 'பழையபடி போடுங்கள்' என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் புரியாது. அந்த நேரத்தில் விளம்பரம் கொடுத்த கடைகள் நினைவிருக்கிறதா? ஜவுளிக்கடையோ நகைக்கடையோ, அவர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். 'இந்த நிகழ்ச்சியில் கேட்டுத்தான் உங்கள் கடைக்கு வந்தேன்' என்று எழுதி, அதன் நகலை நிலையத்துக்கும் அனுப்பினால், நிலையத்தார் அதைப் படிக்காமல் ஒதுக்க முடியாது.