வாசகர் கேள்வி – பதில்: நட்ட கணக்கா, பிழைத்த கணக்கா?

சீரழிந்த நிலத்தையும் நீர்நிலைகளையும் கடலையும் மீட்பதாக நாடுகள் அளித்திருக்கும் உறுதிமொழிகளைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

'2030க்குள் 30 விழுக்காடு' என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறேன். இந்தியா எதற்கு வாக்குறுதி தந்திருக்கிறது? – வாசகர், கும்பகோணம்

ஒரே எண் இரண்டு இலக்குகளில் வருவதால்தான் குழப்பம் ஏற்படுகிறது. சீனாவின் தலைமையில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 2022 டிசம்பரில் நடந்த பல்லுயிர் மாநாடு, குன்மிங்–மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதிலுள்ள 23 இலக்குகளில் இரண்டாவது இலக்கு, சீரழிந்துபோன நிலம், உள்நாட்டு நீர்நிலை, கடலோரம், கடல் ஆகியவற்றில் குறைந்தது 30 விழுக்காட்டுப் பரப்பிலாவது 2030க்குள் மீட்புப் பணி பயன்தரும் வகையில் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது இலக்கு பாதுகாப்பைப் பற்றியது. மொத்த நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 விழுக்காடு காக்கப்பட வேண்டும் என்பது அது.

இந்தியா இதற்கு முன்பே நிலத்துக்கென ஒரு வாக்குறுதி தந்திருந்தது. 2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது, 2020க்குள் 1.3 கோடி ஹெக்டேரும் 2030க்குள் மேலும் 80 லட்சம் ஹெக்டேரும் மீட்பதாகக் கூறியது. 2019 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டில் பிரதமர் இந்த இலக்கை 2.6 கோடி ஹெக்டேராக உயர்த்தி அறிவித்தார். எவ்வளவு நிலம் கெட்டிருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் பொருள் விளங்கும். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வரைபடத் தொகுப்பின்படி, 2018–19இல் நாட்டில் சீரழிந்த நிலம் 9.78 கோடி ஹெக்டேர். அதாவது மொத்தப் பரப்பில் 29.77 விழுக்காடு. ஆகவே மீட்பதாக வாக்குறுதி தந்த பரப்பு, கெட்டதில் கால்பங்கைச் சற்றே தாண்டுகிறது. 2003–05இல் இதே கணக்கு 9.45 கோடி ஹெக்டேராக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. எத்தனையோ மீட்புத் திட்டங்கள் நடந்த ஆண்டுகளிலேயே கெட்ட நிலத்தின் பரப்பு கூடியிருக்கிறது. புதிதாக நிலம் கெடுவதை நிறுத்தாமல் பழையதை மீட்டுக்கொண்டே இருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

வாக்குறுதியை நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும்? – வாசகர், சேலம்

தண்டனை எதுவும் இல்லை. 1992இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கை சட்டப்படி நாடுகளைக் கட்டுப்படுத்துவதுதான் என்றாலும், தேசியச் செயல்திட்டம் வகுப்பதும் அறிக்கை அளிப்பதும்தான் நாடுகளின் கடமையாக நிற்கின்றன. இந்தியா தன் புதிய தேசியச் செயல்திட்டத்தை 2024 அக்டோபர் இறுதியில் கொலம்பியாவின் கலி நகர மாநாட்டில் வெளியிட்டது. இதற்கு முந்தைய பத்தாண்டுக்கென வகுத்த 20 உலக இலக்குகளில் ஒன்றுகூட முழுமையாக எட்டப்படவில்லை என்று 2020இல் ஐ.நா.வே ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் வேறு வழியில் சென்று, 2024 ஆகஸ்டு முதல் இயற்கை மீட்பைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 20 விழுக்காட்டில் மீட்பு நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பதும், தடுப்புகளை அகற்றி 25,000 கிலோமீட்டர் ஆறுகளைத் தடையின்றி ஓடவிட வேண்டும் என்பதும் அதில் உள்ளன.

தண்டனை இல்லாததைவிட அளவுகோல்தான் எனக்குப் பெரிய கவலை. 'மீட்புப் பணியின் கீழ் உள்ள பரப்பு' என்பதே உலகக் கணக்கின் தலையாய அளவீடு. பணி தொடங்கிய பரப்பும் உயிர் திரும்பிய பரப்பும் ஒன்றல்ல என்பதை அடுத்த கேள்வி நன்றாகக் காட்டுகிறது.

எங்கள் கடற்கரையில் ஆண்டுதோறும் அலையாத்திக் கன்றுகள் நடுகிறார்கள். சில இடங்களில் ஒன்றுகூடத் தங்குவதில்லை. கன்று சரியில்லையா? – வாசகர், முத்துப்பேட்டை

பெரும்பாலும் கன்றில் குறை இருப்பதில்லை. நட்ட இடத்தில்தான் இருக்கிறது. பிச்சாவரத்தில் நடந்ததை அறிந்தால் இது விளங்கும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே கூப்பு முறையில், அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காடு வெட்டப்பட்டது. ஒரு கூப்பின் மரங்கள் அனைத்தும் ஒரே வீச்சில் அகற்றப்பட்டதும், நிழலிலேயே இருந்து பழகிய சேற்றில் வெயில் நேராக விழுந்தது. ஈரம் வற்றி மண் தாழ்ந்து, நிலம் தாம்பாளம்போலக் குழிந்துவிட்டது. பெருக்கின்போது உள்ளே வந்த கடல்நீர், வற்றத்தின்போது திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் அந்த உப்பில் நிற்கவில்லை. விறகு வெட்டுவோரும் மாடு மேய்ப்போருமே காட்டை அழித்தார்கள் என்று வெகுகாலம் சொல்லப்பட்ட பழி, அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன்.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, ஓடையோடு இணையும் ஒரு பெரிய வாய்க்காலையும் அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களையும் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப்போலத் தோன்றும் இந்த வாய்க்கால்களின் வழியே ஓதநீர் (கடல் பெருக்கில் ஏறி வற்றத்தில் இறங்கும் நீர்) நாள்தோறும் வந்து திரும்பியபோது உப்பு கரைந்து வெளியேறியது. அதன் பிறகு வாய்க்கால் ஓரங்களில் ஊன்றிய அலையாத்தி விதைகள் வேர்பிடித்தன. முத்துப்பேட்டையிலும் இம்முறை கைகொடுத்தது. ஆனால் வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துபோகும். மீண்டும் மீண்டும் தூர்வார வேண்டும். நடவுக்குப் பணம் ஒதுக்குவோர் இந்தத் தொடர்செலவையும் சேர்த்து ஒதுக்கினால்தான் காடு நிலைக்கும்.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்நாட்டில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த 23 நடவுத் தளங்களையும் பார்வையிட்டபோது, ஒன்பதில் ஒரு செடியும் உயிரோடு இல்லை. மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பரப்பே தேறியிருந்தது. ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தைக் கவனியாமல் நட்டது, இடத்துக்குப் பொருந்தாத இனங்களை நட்டது, மாடுகள் மிதித்தது, நட்டபின் யாரும் திரும்பிப் பாராதது ஆகியவையே காரணங்கள். இலங்கை இதிலிருந்து பாடம் கற்று அணுகுமுறையை மாற்றிக்கொண்டது; அதன் அலையாத்தி மீட்பு முயற்சியை 2024இல் ஐ.நா. உலகின் முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. இந்தியாவும் 2023–24 முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்தி வளர்க்கும் 'மிஷ்டி' திட்டத்தை நடத்திவருகிறது. நட்ட ஆண்டில் எடுக்கும் கணக்கோடு நில்லாமல், ஐந்தாம் ஆண்டில் பிழைத்திருக்கும் மரங்களின் கணக்கையும் அத்திட்டம் ஊர்வாரியாக வெளியிட வேண்டும்.

மரம் நடுவதே மீட்பு என்று மாணவர்களுக்குச் சொல்லித் தரலாமா? – ஆசிரியை, உதகமண்டலம்

வேண்டாம். நீலகிரியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. சோலைக் காடுகளுக்கு இடையே பரந்திருந்த புல்வெளிகள், வெறும் தரிசு என்று எண்ணப்பட்டு, தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் பயன்படும் சீகை (வாட்டில்), தைல மரக் காடுகளாக மாற்றப்பட்டன. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைகளுக்கு மெல்ல மெல்லக் கொடுத்துவந்தது அந்தப் புல்வெளிதான். இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை (மரங்களின் தழை மூடும் பரப்பு) 10 விழுக்காடு இருந்தால் அது காடு. அங்கே நிற்பது எந்த மரம் என்று அந்த வரையறை கேட்பதில்லை. எனவே சீகைத் தோப்பு கணக்கில் காடாக ஏறுகிறது, அது அழித்த புல்வெளிக்கு இடமே இல்லை. அதற்காகச் சீகையை ஒரேயடியாக வெட்டிவிடுவதும் தீர்வாகாது. வெட்டிய இடத்தில் மண்ணிலுள்ள விதைகள் கூட்டமாக முளைத்துவிடும். பழனி மலையில் முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்துவருவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் தலைகாட்டும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதே மாணவர்கள் கையால் செய்யக்கூடிய நல்ல தொடக்கம்.

எங்கள் கண்மாயை ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. – வாசகர், சிவகங்கை

உங்கள் கண்மாய் தனித்த ஒன்றன்று. மேலேயுள்ள கண்மாயின் கலுங்கு, அதாவது மிகைநீர் வெளியேறும் வாய், வழிந்தால்தான் கீழேயுள்ளது நிறையும் என்று சங்கிலியாகக் கட்டப்பட்டவை அவை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக்கருவேலத்தாலும் ஆக்கிரமிப்பாலும் அடைபட்டிருக்கும்போது உள்வாயை எவ்வளவு தோண்டினாலும் பயனில்லை. 2023 மார்ச்சில் நியூயார்க்கில் ஆறு நாடுகள் தொடங்கிவைத்த நன்னீர் அறைகூவல், 3 லட்சம் கிலோமீட்டர் ஆறுகளையும் 35 கோடி ஹெக்டேர் ஈரநிலத்தையும் 2030க்குள் மீட்கச் சொல்கிறது. நீளத்தைக் கிலோமீட்டரில் அளக்கும் அந்த முறை வரத்துக்கால்களுக்கும் வந்தால் நல்லது.

கடலுக்கு அடியில் எதை மீட்பது? – வாசகர், மணமேல்குடி

உங்கள் ஊர்க் கடலிலேயே விடை இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்றும் அழைக்கப்படும் கடற்பசு உண்பது கடற்புல்லை. அந்தப் புல் அடித்தரையில் வளர்வதால் இழுவைமடி (படகுகள் இழுத்துச் செல்லும் வலை) அதை வேரோடு அரித்துவிடுகிறது. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் புல்தண்டுகளைப் பிணைத்துக் கடலடியில் இறக்கும் முறை இப்பகுதியில் பலன் தந்திருக்கிறது. சட்டமும் கயிறும் மக்கிவிடும், புல் நிற்கும். ஆனாலும் அதே இடத்தில் மறுபடி மடி இழுக்கப்பட்டால் அத்தனை உழைப்பும் ஒரே நாளில் போய்விடும் என்பதால், மீனவர்களோடு பேசி எல்லை வகுத்த பிறகே நடவு தொடங்க வேண்டும்.

ஊராட்சி அளவில் நாங்கள் என்ன கேட்கலாம்? – வாசகர், திருத்துறைப்பூண்டி

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அது பேண வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். உங்கள் ஊரில் எந்த ஆண்டு, எந்த இடத்தில், என்ன இனம், எத்தனை நடப்பட்டது, இன்று எத்தனை நிற்கிறது என்ற ஐந்து விவரங்களையும் அதில் எழுதித் தீர்மானமாக நிறைவேற்றக் கோருங்கள். விவரம் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே ஐந்தையும் எழுத்தில் கேட்கலாம்.