மீனை நிறுத்தினால் தோல் தெளியும் என்று யார் சொன்னது?

"கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறேன். முகத்தில் பரு, கை கால் வறட்சி. மீன், கருவாட்டை நிறுத்திவிட்டு ஜூஸும் கொலாஜன் பவுடரும் குடித்தால் சருமம் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயதைச் சொல்லவில்லை. இருபதைத் தாண்டியிருப்பீர்கள், வீட்டில் வரன் பார்க்கிறார்கள், யாரோ ஒரு அத்தை "கருவாடு தின்னா இப்படித்தான்" என்று காதில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மீனை நிறுத்தாதீர்கள். நான் மண்டபம் பக்கம், வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அதனால்தான் மீனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் தங்கை மகள் படிப்பு முடிந்து வெளியூருக்கு வேலைக்குப் போனாள். தங்கியது ஹாஸ்டலில். ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்தனுப்பினோம். டப்பாவைத் திறந்ததும் அறையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். வார்டன் கூப்பிட்டு, இனிமேல் இதெல்லாம் கொண்டு வரக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அன்றோடு பிள்ளை மீனை விட்டுவிட்டது. அப்புறம் உடம்பு இளைக்க வேண்டும் என்று எண்ணெயையும் விட்டாள். காலையில் டீ பிஸ்கட், மதியம் வெறும் ரசம் சோறு, ராத்திரி நூடுல்ஸ் அல்லது பன். கீரை கண்ணில் படாது.

ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது, "பெரியம்மா, இதைப் பாருங்க" என்று கையை நீட்டினாள். முழங்கையின் வெளிப்பக்கம், முட்டிக்கால், தொடை எல்லாம் மயிர்க்கால் ஒவ்வொன்றும் முள் முள்ளாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்தால் சுறாத்தோலைத் தடவியது போலச் சொரசொரப்பு. கன்னம் சிவந்து, அதன் மேல் பொடிப் பொடியாகப் பரு. பார்த்தவர்கள் எல்லாம் சொன்னது ஒன்றுதான்: இது கரப்பான் சொறி, மீன் சூடு, கருவாட்டை நிறுத்து. நிறுத்தி எத்தனையோ மாதம் ஆகிவிட்ட பிள்ளையிடம் இதைச் சொல்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையில் இருப்பது தவளைத்தோல் என்றார். வைட்டமின் ஏ, நல்ல கொழுப்பு, பி வகை வைட்டமின்கள் உடம்பில் குறைந்தால் மயிர்க்கால்களில் தோல் தடித்து அடைத்துக்கொண்டு இப்படி முள்ளாக எழும்புமாம். கன்னத்துக்கு வேறு காரணம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசிய ஒரு வெள்ளையாக்கும் களிம்பு. அதில் ஸ்டீராய்டு இருந்தது. பூசும் வரை முகம் பளபளவென்று இருக்கும். நாள்பட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிறார்கள். நீங்கள் ஏதாவது பூசிக்கொண்டிருந்தால் அந்த ட்யூபை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

டாக்டர் மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்தார். அதை மறைத்து, எல்லாம் குழம்பில்தான் சரியானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால் சாப்பாடு மாற வேண்டும் என்று அவரே சொன்னார். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

விலை கூடிய ஆவோலி மீனும் சீலா மீனும் வாங்கிப் போடவில்லை. பேய்ச்சாளைதான், வெளியூரில் மத்தி என்று விற்பார்களே, அது. கொழுப்பு ஏறிய பருவத்தில் குழம்பு கொதித்து இறக்கினால் மேலே பொன் நிறத்தில் நெய் மிதக்கும். ஒமேகா 3 என்று கேப்சூலில் அடைத்து விற்பது இந்த வகைக் கொழுப்பைத்தான். அதனால் சாளையைப் பொரிப்பதைக் காட்டிலும் குழம்பு வைப்பது நல்லது. காரல் பொடிமீனை முள்ளோடு அவித்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கூடவே முருங்கைக்கீரை. இதை வெறுமனே அவித்து வைத்தால் பாதிப் பலன்தான். கீரையில் இருக்கிற, வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். எண்ணெயில் சின்ன வெங்காயமும் நம்ம ஊர் முண்டு மிளகாயும் தாளித்து, கீரையைப் போட்டு ஒரு புரட்டு, இறக்கும்போது கைநிறையத் தேங்காய்ப்பூ. காலையில் பிஸ்கட்டுக்குப் பதில் கேப்பைக் கூழ். சாயங்காலம் கொய்யாப்பழம்.

கொலாஜன் பவுடர் பற்றிக் கேட்டீர்கள். அதில் பலதும் மீன் தோலிலும் செதிலிலும் இருந்து எடுப்பதுதான். வயிற்றுக்குள் போனால் மற்ற புரதம் போலவே சிதைந்துதான் இரத்தத்தில் சேரும், நேராகக் கன்னத்துக்குப் போய் உட்காராது. உடம்பு தானே கொலாஜன் செய்ய வைட்டமின் சி வேண்டும். அது நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் கொட்டிக் கிடக்கிறது. வடிகட்டிச் சர்க்கரை போட்ட ஜூஸ் வேண்டாம். சர்க்கரையும் மைதாவும் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும், அப்படி ஏற்றும் சாப்பாட்டால் பரு கூடுகிறது என்று ஆராய்ச்சிகளிலேயே பார்த்திருக்கிறார்கள். சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது.

பிள்ளைக்கு மாதக் கணக்கில் ஆனது. தோல் ஒரே வாரத்தில் மாறாது. முதலில் முட்டிக்கால் மிருதுவானது, கடைசியாகத்தான் முழங்கை. நிறம் மாறவில்லை, மாற வேண்டியதும் இல்லை. கறுப்பு நோயில்லை.

மீன் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இறால், நண்டு தின்றால் தடித்துப் போகிறவர்கள் உண்டு, அவர்கள் தொடக்கூடாது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி தின்றாலும் முகம் சிவந்து அரிக்கும். அது மீன் கெட்டதால் வருவது. கருவாட்டில் உப்பு அதிகம், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு நிற்கட்டும். மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. வறட்சிக்கு நம்ம ஊர் உவர்த்தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம். குளித்து ஈரம் காயும் முன்னே கை காலில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், முகத்தில் வேண்டாம், பரு கூடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். விசைப்படகு வலையில் வரும் பொடி மீனைச் சங்காயம் என்று கூறு கட்டி, காய வைத்து, கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். காரலும் சாளைக் குஞ்சும் அதில்தான் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், கரையிலேயே பிறந்த பிள்ளைகள் சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்வார்கள். இதை யாரும் பேசுவதில்லை. அந்த நாட்களில் நான் முட்டை, பாசிப்பயறு, எடுத்து வைத்த கருவாடு என்று ஓட்டுகிறேன், நீங்களும் அப்படிச் செய்யலாம்.

சரி, நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? தள்ளித் தள்ளிப் போய், தாடையில் பருவும் முடியும் சேர்ந்து வந்தால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்புறம் வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், கர்ப்ப காலத்தில் பிள்ளையையும் பாதிக்கும். வயதையும், இப்போது முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.